தண்டமும் தயையும்: மரண தண்டனை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் அமைந்த மீனவ ஊர்களுள் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். அருகிலுள்ள கலங்கரை விளக்கமே அவ்வூருக்குப் பெயர் தந்தது. சோழமண்டலக் கரையின் மற்ற மீனவ ஊர்களைப் போலவே இப்பகுதியிலும் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அமைப்பு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. வலை அறுந்த வழக்கு, படகு மோதிய வழக்கு, கடன் தகராறு, கைகலப்பு ஆகியவை ஊரார் முன்னிலையில் பேசித் தீர்க்கப்படுகின்றன. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடலாம் என்பதைப் 'பாடு' என்னும் முறையால் வரையறுத்துக் கொள்வதும் இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம்.

இப்பஞ்சாயத்துகள் விதிக்கும் தண்டனைகள் சிலவே. தவறு செய்தவனைச் சபையில் கடிந்துரைப்பது, மன்னிப்புக் கேட்கச் செய்வது, அபராதம் விதிப்பது, சில நாட்கள் தொழிலுக்குச் செல்லாமல் தடுப்பது, எல்லை மீறினால் ஊர்விலக்கு. இவற்றுள் ஊர்விலக்கு கொடியது. ஒரு குடும்பத்தின் வாழ்வையே அது முடக்கிவிடும் என்பதால் சட்டமும் அதனை ஏற்பதில்லை. ஆயினும் ஊர்விலக்குப் பெற்றவன்கூட ஒருநாள் ஊருக்குள் திரும்ப வழியுண்டு. கொலை நேர்ந்துவிட்டாலோ வழக்கு ஊர் எல்லையைக் கடந்து காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் சென்றுவிடுகிறது. அங்கேதான் திரும்ப வழியில்லாத ஒரு தண்டனை சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது. உயிருக்கு உயிர் வாங்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்னும் வினா இன்றைய நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. சமண மரபும் தமிழ் மரபும் நெடுங்காலமாக அதனை எதிர்கொண்டு வந்திருக்கின்றன.

ஹா, மா, திக்

தண்டனை எப்படித் தோன்றியது என்பதற்குச் சமண புராணங்கள் ஒரு வரலாறு கூறுகின்றன. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம் அதனை விளக்குகிறது. போகபூமி மறைந்து கர்மபூமி தோன்றிய காலத்தில் மக்களுக்கு வழிகாட்டியவர்கள் குலகரர்கள். முதல் ஐந்து குலகரர்களின் காலத்தில் குற்றத்திற்குத் தண்டனை 'ஹா' என்னும் ஒரு சொல்லே. 'அந்தோ, நீயா இப்படிச் செய்தாய்' என்பது அதன் பொருள். அடுத்த ஐவர் காலத்தில் 'மா' சேர்ந்தது. 'இனி இவ்வாறு செய்யாதே' என்பது அது. பின்வந்தோர் காலத்தில் 'திக்', அதாவது 'சீ' என்னும் இகழ்ச்சியும் சேர்ந்தது. சிறையிடுதல், கொல்லுதல் முதலான உடல் தண்டனைகள் பரத சக்கரவர்த்தியின் காலத்தில்தான், கொடுங்குற்றங்கள் பெருகியபோது ஏற்பட்டன.

இவ்வரலாற்றில் இரு உண்மைகள் அடங்கியுள்ளன. தண்டனையே கூடாது என்று புராணம் கூறவில்லை. குற்றம் வலுத்தபோது தண்டனையும் வலுத்ததை மறைக்காமல் சொல்கிறது. ஆனால் கொலைத் தண்டனை ஆதியிலிருந்தே உள்ள அறம் என்றும் அது கூறவில்லை. மக்கள் தாழ்ந்ததால் நேர்ந்த மாற்றமாகவே அதனைக் காட்டுகிறது. தாழ்வினால் வந்த ஒன்று, உயர்வினால் நீங்கவும் கூடும்.

தண்டனை நிறைவேற்றுவோனின் விரதம்

இல்லறத்தார்க்குரிய கொல்லாமையை விளக்கும்போது சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை, இல்வாழ்க்கையில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்யோக இம்சை, தற்காப்பிலும் நாட்டுக் காப்பிலும் நேரும் விரோதி இம்சை என்பன அவை. முதலாவதை இல்லறத்தான் அறவே விடுக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். அரசனின் தண்டம் எதில் அடங்கும்? குடிகளைக் காக்கும் விரோதி இம்சை என்பது ஒரு சாரார் கருத்து. கட்டுண்டு நிற்பவனை, நாளும் நேரமும் குறித்துக் கொல்வது சங்கல்ப இம்சையே என்பது மற்றொரு சாரார் கருத்து. கையில் ஆயுதமின்றி நிற்பவனால் அவ்வேளையில் எவர்க்கும் தீங்கில்லை என்பது பின்னவர் காட்டும் காரணம்.

இவ்விடத்தில் நினைக்கத் தக்கவன் யமபாலன். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் ஐந்து அணுவிரதங்களுக்கும் எடுத்துக்காட்டாக ஐவரைக் கூறுகிறது. தமிழில் அருங்கலச்செப்பு தழுவிச் செல்வது இந்நூலையே. அகிம்சாணுவிரதத்திற்கு அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவன் மாதங்கன். உரைகள் தரும் கதையில் அவன் பெயர் யமபாலன். அவன் அரசனும் அல்லன், வணிகனும் அல்லன்; மரண தண்டனையை நிறைவேற்றுவதையே தொழிலாகக் கொண்டவன். முனிவர் ஒருவரிடம், சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்னும் விரதத்தை அவன் ஏற்றிருந்தான். நந்தீசுவர நாட்களில் கொலை கூடாதென்று அரசன் அறிவித்திருக்க, அரசகுமாரனே ஓர் ஆட்டைக் கொன்று தின்றான். மகனையும் கொல்க என்றான் அரசன். அன்று சதுர்த்தசி. யமபாலன் மறுத்தான். சினந்த அரசன் இருவரையும் முதலைகள் நிறைந்த ஏரியில் எறியச் செய்தான். விரதம் காத்தவனைத் தேவர்கள் போற்றினர், அரசகுமாரன் மாண்டான்.

குற்றவாளி தப்பிவிட்டான் என்று இக்கதை கூறவில்லை. வினை தன் பயனை ஊட்டியது. அவ்வினைக்குத் தன் கையைக் கருவியாகத் தர ஒரு மனிதன் மறுத்தான் என்பதே அதன் மையம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் கடைப்பிடித்த சிறு விரதத்தை உடைய அத்தொழிலாளியை, அரசனுக்கு மேலாக வைத்துப் போற்றியது சமண மரபு.

சிலம்பும் குறளும்

தமிழ்க் காப்பியங்களுள் மரண தண்டனையின் பிழையை மையமாகக் கொண்டது சிலப்பதிகாரம். பொற்கொல்லனின் சொல்லை நம்பிய பாண்டியன், விசாரணையின்றி ஆணையிட்டான். கோவலனைக் கண்ட காவலருள் சிலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். தயங்காத ஒருவனின் வாள் வீழ்ந்தது. உண்மை வெளிப்பட்டபோது அரசனால் தன் உயிரைத் தர முடிந்தது. கோவலனின் உயிரைத் திருப்பித் தர முடியவில்லை. அவர்களுடன் மதுரைக்கு வழிநடந்த சமணத் துறவி கவுந்தியடிகள் செய்தியறிந்து உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார்.

அக்காப்பியத்திலேயே கவுந்தியடிகள் விதித்த தண்டனை ஒன்றும் உண்டு. வழியில் கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்த இருவர் நரிகளாகுமாறு அவர் சபித்தார். இகழப்பட்டவர்களே அவர்களுக்காக இரங்கி வேண்ட, பன்னிரு திங்கள் கழிந்தபின் பழைய உருவம் பெறுக என்று சாபத்திற்கு எல்லை வகுத்தார். ஒன்று எல்லையுள்ள தண்டனை, மற்றொன்று எல்லையற்றது. ஒன்றில் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட்டது. மற்றொன்றில் குற்றம் சாட்டப்பட்டவனின் குரலே கேட்கப்படவில்லை.

திருக்குறளோ இருபுறமும் வாதிடுவோர்க்கு இடமளிக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள், கொடியோரை வேந்தன் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது. பரிமேலழகர் அதனைக் கொலைத் தண்டனை என்றே கொண்டார். கொலைத்தொழிலில் கொடியவரை ஒறுத்தல் என்று பிரித்துப் பொருள் கொள்வோர், ஒறுத்தல் என்பது தண்டித்தல் மட்டுமே, கொல்லுதல் ஆகாது என்பர். வெருவந்த செய்யாமை அதிகாரம், கோல் ஓங்கும்போது கடுமை தோன்ற வேண்டும், விழும்போது மென்மை வேண்டும் என்னும் கருத்தைத் தருகிறது. கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த அதே நூல் இது என்பதை எத்தரப்பும் மறப்பதற்கில்லை.

கழுமரத்தின் நினைவு

தமிழ்ச் சமணர்க்கு மரண தண்டனை ஏட்டளவிலான பொருள் அன்று. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்னும் செய்தி பெரியபுராணத்தாலும், கோயில் ஓவியங்களாலும், விழாக்களாலும் நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. வாதில் தோற்றால் கழுவேறுவதாக அவர்களே உடன்பட்டதாகவும் அப்புராணம் கூறுகிறது. நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு எதுவும் இதனைக் கூறவில்லை. கூறும் நூல்கள் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாகக் கொள்ள இயலாத கட்டுக்கதை என்றே கருதினார். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அச்சணந்தி முனிவர் பெயரால் பின்னர் எழுந்த சிற்பங்களும் கல்வெட்டுகளும், அங்கே சமணம் தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றுகள்.

நிகழ்ந்ததோ இல்லையோ, அக்கதை ஒன்றைத் தெளிவாக்குகிறது. கொல்லும் அதிகாரம் அரசிடம் இருக்குமானால், அது எப்போதும் கொலைகாரனை நோக்கியே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. அரசனின் மனம் மாறும்போது அதன் முனையும் மாறும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் சில இதற்கு மாறான மற்றொரு வழியைக் காட்டுகின்றன. வேட்டையில் அம்பு தவறி ஒருவன் இறந்தாலும், எண்ணாத கைகலப்பில் உயிர் போனாலும், ஊரார் கூடி ஆராய்ந்து, கொன்றவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்காலத்தில் பரவலாகக் காணப்படும் கணக்கு. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கும். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டும், குற்றவாளிகளின் சுற்றத்தாருடைய நிலங்கள் பறிமுதலானதையே பேசுகிறது. கொடிய தண்டனைகளும் அக்காலத்தில் இருந்தன. ஆனால் உயிருக்கு உயிர் என்பது மட்டுமே தமிழகத்தின் பழைய நீதி என்று கூறுவதற்கில்லை.

கம்பெனி முதல் அரசியல் சட்டம் வரை

ஐரோப்பியர் வந்தபின் இக்கரையில் தண்டிக்கும் அதிகாரம் கடல் கடந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 17-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினர். தெற்கே, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1665-இல், தம் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக ஆங்கிலப் பெண்மணி ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. உயிர் சம்பந்தமான வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்று கோட்டை அதிகாரிகள் லண்டனைக் கேட்டனர். அதன் விளைவாகக் கோட்டைத் தலைவர் பாக்ஸ்கிராப்ட் கவர்னராக உயர்த்தப்பட்டார். ஜூரிகள் முன் நடந்த விசாரணையில் அப்பெண்மணி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இறந்தவர் அடிமை, குற்றம் சாட்டப்பட்டவர் ஆளும் இனத்தவர். தராசின் இரு தட்டும் சமமாக இருந்தனவா என்னும் ஐயம் அன்றே தொடங்கிவிட்டது.

1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்று வகுத்தது. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மரணத்திற்குரிய குற்றத்தில் நீதிபதி குறைந்த தண்டனை அளித்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். 1955-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதியை நீக்கியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டமோ நிலையைத் தலைகீழாக்கி, மரண தண்டனை விதித்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. ஒரு நூற்றாண்டுக்குள் விதி விலக்காயிற்று, விலக்கு விதியாயிற்று.

இதற்கிடையே திருவிதாங்கூர் அரசு 1944-இல் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை நிறுத்தியது. சிதறால் மலையில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கி நிற்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அவ்வரசில் அடங்கியிருந்தது. இந்தியச் சட்டம் அங்கே பரவியபோது மரண தண்டனை மீண்டது. அது இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரை அங்கு 962 கொலைகளும், மீண்டபின் 1955 வரை 967 கொலைகளும் நிகழ்ந்தன என்பது ஒழிப்பை வேண்டுவோர் காட்டும் கணக்கு. அச்சமூட்டிக் குற்றம் குறைக்கலாம் என்போர், ஒரு சிறு பகுதியின் சில ஆண்டுக் கணக்கைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவு கூறலாகாது என்பர். 1967-இல் சட்ட ஆணையம் தன் 35-ஆம் அறிக்கையில் மரண தண்டனை நீடிக்க வேண்டும் என்றது. 2015-இல் அதே ஆணையம் 262-ஆம் அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக அதனை ஒழிக்கப் பரிந்துரைத்தது.

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 3 அன்று அண்ணல் அம்பேத்கர், இந்நாட்டு மக்கள் அகிம்சையை ஓர் அறமாக ஏற்றவர்கள் என்பதைச் சுட்டி, மரண தண்டனையை ஒழிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறினார். சபை அவ்வழி செல்லவில்லை. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரணம் என்று வரையறுத்தது. நீதிபதி பகவதி மட்டும் அதற்கும் உடன்படவில்லை. 1983-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வைத்தீசுவரன் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, தூக்குக்கயிற்றின் நிழலில் ஒருவனை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பதே கொடுமை என்று கூறி, ஈராண்டுக்கு மேற்பட்ட தாமதத்தைத் தண்டனைக் குறைப்புக்குரிய காரணமாக ஏற்றது. அவ்வரையறை விரைவிலேயே பிற அமர்வுகளால் மறுக்கப்பட்டது. எனினும் தாமதமும் ஒரு தண்டனையே என்னும் அதன் உட்கருத்து 2014-இல் மீண்டும் உயிர்பெற்றது.

பூந்தமல்லியில் இருபத்தாறு பேர்

பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தின் தென்முனையில் உள்ளது பூந்தமல்லி. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் கொல்லப்பட்ட வழக்கை அங்கமைந்த தடா நீதிமன்றம் விசாரித்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே மரணத்தை உறுதி செய்தது. மூவர் ஆயுள் தண்டனை பெற்றனர். எஞ்சிய 19 பேர் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டு, சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே கழித்தவர்களாக வெளிவந்தனர். நால்வருள் ஒருவரின் தண்டனை 2000-இல் குறைக்கப்பட்டது. மற்ற மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்றே சட்டமன்றமும் தண்டனைக் குறைப்பை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2014 பிப்ரவரி 18 அன்று, ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. மூவருள் ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவர் கூறியதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். 2022-இல் எஞ்சியோர் அனைவரும் விடுதலையாயினர்.

இவர்களை விடுவித்தது சரியா என்பதில் தமிழகத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அன்று கணவனையும் தந்தையையும் இழந்த காவலர் குடும்பங்களின் வேதனை எளிதில் புறக்கணிக்கத் தக்கதன்று. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் பேருந்தில் எரிக்கப்பட்ட வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவரின் பெற்றோர்க்கும் அதே வேதனை. அவ்வழக்கில் மூவருக்கு விதிக்கப்பட்ட மரணத்தை 2010-இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றமே 2016-இல் அதனைக் குறைத்தது. 2018-இல் அவர்கள் வெளிவந்தனர். தண்டிக்கப்பட்டவனுக்காகப் பேசும் கருணை, இறந்தவர் வீட்டு வாயிலையும் மிதித்தாக வேண்டும். இல்லையேல் அது பாதிக் கருணை. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டதற்குப் பின் தமிழ்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. அண்டை நாடான இலங்கையில் 1976-க்குப் பின் தூக்குத்தண்டனை நிறைவேறவில்லை. ஆயினும் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதையிலும் அத்தண்டனை நீடிக்கிறது.

அறிவின் எல்லை

பூந்தமல்லியில் ஒரு நீதிமன்றத்தின் கண்ணுக்கு மரணத்திற்குரியவராகத் தோன்றிய 26 பேருள், மற்றொரு நீதிமன்றத்தின் கண்ணுக்கு 19 பேர் கொலைச் சதியில் பங்கில்லாதவராகத் தோன்றினர். இரண்டும் கற்றறிந்த நீதிபதிகள் அமர்ந்த மன்றங்களே, சான்றுகளும் அவையே. இதனைச் சமணர் எளிதில் விளங்கிக் கொள்வர். கேவலஞானம் பெறாத எவருடைய அறிவும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மையானது என்பது அனேகாந்தம் கற்பிக்கும் பாடம். அதனால் தீர்ப்பே கூறலாகாது என்பதில்லை. தீர்ப்பின்றி ஊரும் இல்லை, நாடும் இல்லை. ஆனால் எல்லையுள்ள அறிவால் கூறும் தீர்ப்பு, பின்னால் திருத்திக் கொள்ள இடம் வைத்திருக்க வேண்டும். சிறை திறக்கும், அபராதம் திரும்பும், சாபமும் பன்னிரு திங்களில் தீரும். தூக்குக்கயிறு மட்டும் தன்னை முற்றறிவாக எண்ணிக் கொள்கிறது. திருத்திக்கொள்ள வேண்டியவனுக்கும் அது இடம் வைப்பதில்லை. திருடனாக வாழ்ந்த அஞ்சன சோரனை, ஐயமற்ற நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகச் சிராவகாசாரம் போற்றுகிறது. அவன் கையும் களவுமாகப் பிடிபட்டுக் கொலைக்களம் சென்றிருந்தால் அவ்வெடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்திராது.

பயிரைக் காக்கக் களையெடுக்க வேண்டும் என்போரின் கவலை மெய்யானது. கொடியோரிடமிருந்து மக்களைக் காப்பது அரசின் கடமை. காக்கும் வழி கொல்லும் வழியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே மீதமுள்ள வினா. லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் சபையில் தவறிழைத்தவனை நோக்கி ஊர்ப் பெரியவர் 'நீயா இப்படிச் செய்தாய்' என்று கேட்கும்போது, அவர் அறியாமலே குலகரர்களின் முதல் தண்டனையை விதிக்கிறார். அச்சொல் சுடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேட்கப்படுபவன் நாளையும் அதே கரையில், அதே மனிதரோடு வலை இழுக்க வேண்டியவன்.